கார்ட்டூனில் பீத்தோவன்: வெள்ளவத்தைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி அறையில், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடியும் தறுவாயில் மேற்கத்திய சாஸ்திரிய இசை வரும் கார்ட்டூன் ஒன்றைப் போடுவது வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் படிக்கட்டில் நின்று கேட்பதும், இரவில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், என்னைத் தலை சொறிய வைத்தவை பின்னால்.

டீச்சர், மகன் நாள் முழுக்க ரொக்கெட், ரொக்கெட் என்கிறான். நீங்கள் போட்ட கார்ட்டூன் எது?

லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ். டிஸ்னி நிறுவனம் 2005 முதல் 2009 வரை ஒளிபரப்பிய தொடர். முன்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்தது. லியோ, அனி, குயின்சி, ஜூன் என்று நான்கு சிறுவர்கள். லியோ கையில் இசைக்குழுவை நடத்தும் கோல் இருக்கும், அனி பாடுவாள், குயின்சி வாத்தியங்கள் வாசிப்பான், ஜூன் ஆடுவாள். அவர்களைச் சுமந்து பறக்கும் சிவப்பு ரொக்கெட்டும் ஒரு பாத்திரம்தான். அது பேசாது, ஓசை மட்டும் எழுப்பும்.

ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு சாஸ்திரிய இசைப் படைப்பும் ஓர் ஓவியமோ கலைப்பொருளோ எடுத்துக்கொள்வார்கள். கதை சின்னது: யாருக்கோ உதவப் புறப்படுவார்கள், வழியில் தடை வரும், அதை இசையால் தாண்டுவார்கள். இதைத் தவிர டொம் அன்ட் ஜெரி, பக்ஸ் பனி, டிஸ்னியின் பழைய ஃபன்டேஷியா ஆகியவற்றிலிருந்தும் சில பகுதிகள் போடுவதுண்டு. அவற்றுக்கு வேறு விதமான புகார்கள் வரும். பின்னால் சொல்கிறேன்.

நாலு வயதுப் பிள்ளைக்கு பீத்தோவனும் மோசார்ட்டும் விளங்குமா?

உங்களுக்கு விளங்குகிறதா? கோபிக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். அரசு மொழியில் எழுதிய கடிதத்தைப் போல இசையை விளங்கிக்கொள்ள யாராலும் முடியாது. வேகம் கூடுகிறது, சத்தம் குறைகிறது, ஒரே மெட்டு திரும்பி வருகிறது, முடியப்போகிறது என்று தோன்றி முடியாமல் போகிறது. நாலு வயதுக்கு இவை எல்லாம் தெரியும். சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ் செய்வது இதைத்தான். பிள்ளைகள் மடியில் தட்டத் தட்டத்தான் ரொக்கெட் கிளம்பும். முதலில் மெதுவாக, பிறகு நடுத்தர வேகத்தில், பிறகு விரைவாக, கடைசியில் மிக விரைவாக. அடாஜியோ, மொடராட்டோ, அலெக்ரோ, பிரெஸ்டோ என்று அந்த வேகங்களுக்குரிய பெயர்களையும் கூடவே சொல்வார்கள். என் வகுப்பில் பிரெஸ்டோ வரும்போது கீழ் வீட்டுக்காரர் மின்விசிறி ஆடுகிறது என்று சொல்லும் அளவுக்கு அமர்க்களம். விளங்கியதா என்று அதற்குப் பிறகும் கேட்பீர்களா?

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்? சின்னவளுக்கு இப்போதுதான் பத்து மாதம்.

சின்னவளுக்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல்படி ஒரு வயதுக்குள் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. பத்து மாதப் பிள்ளைக்கு நீங்கள் பாடும் தாலாட்டு போதும். சுருதி பிசகினாலும் அவள் கோபிக்க மாட்டாள்.

சாஸ்திரிய இசை கேட்டால் மூளை வளரும் என்கிறார்களே? அதற்காகத்தான் நாங்கள் போட்டுக்கொடுக்கிறோம்.

அதிகமாக வரும் கேள்வி இது. நான் மிகவும் பயப்படும் கேள்வியும் இதுதான். அந்த நம்பிக்கைக்கு ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. 1993இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு சிறு ஆய்வு வந்தது. மோசார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், வடிவங்களை மனதில் கற்பனை செய்து பார்க்கும் சோதனை ஒன்றில் சற்றுக் கூடுதல் புள்ளி எடுத்தார்கள். அந்த விளைவு கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. கவனியுங்கள்: கேட்டவர்கள் கைக்குழந்தைகள் அல்ல, வளர்ந்த மாணவர்கள். நிரந்தரமாக அறிவு கூடியது என்று ஆய்வாளர்கள் சொல்லவும் இல்லை.

பத்திரிகைகள் அதற்கு மோசார்ட் விளைவு என்று பெயர் சூட்டின. 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய இசைத்தட்டுக் கொடுக்க அரசுப் பணம் ஒதுக்கும்படி கேட்டார். அதே காற்றில் எழுந்ததுதான் பேபி ஐன்ஸ்டைன் என்ற வீடியோ நிறுவனம். டிஸ்னி 2001இல் அதை வாங்கியது. லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ் அந்தப் பெயரின் வழி வந்த தொடர். 2007இல் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 8 முதல் 16 மாதக் குழந்தைகளில் இப்படியான வீடியோ அதிகம் பார்த்தவர்களுக்குத் தெரிந்த சொற்கள் குறைவாக இருந்ததாக எழுதினார்கள். அதே தரவுகளைப் பிறகு வேறு ஆய்வாளர்கள் அலசி, அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்று மறுத்தார்கள். கெடுதலா இல்லையா என்பதில்தான் சண்டை. அறிவு வளர்ந்தது என்று இரண்டு பக்கமும் சொல்லவில்லை. 2009இல் டிஸ்னி அந்தக் குழந்தை வீடியோக்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

ஆகவே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே அடித்தளம் போடுகிறோம் என்ற நினைப்பில் கார்ட்டூன் போடுவதாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். புள்ளி வராது. பிள்ளையின் சந்தோஷமும் போய்விடும். அருகில் இருந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் பிள்ளை எப்படி இசை கேட்கும்?

பீத்தோவன் வந்தவுடன் மகன் "பாண்! பாண்!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். வெட்கமாக இருக்கிறது.

கொழும்பில் வளரும் பிள்ளை அப்படி ஓடாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். காலையிலும் மாலையிலும் பாணும் பணிசும் விற்க நம் ஒழுங்கைகளுக்குள் வரும் சூன் பாண் முச்சக்கர வண்டி ஒலிபரப்புவது ஃபியூர் எலிஸ். பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோப் படைப்பு. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1867இல்தான் அச்சேறியது. வியன்னாவில் எழுதப்பட்ட அது வெள்ளவத்தையில் மாலு பாணுக்கும் சீனிப் பணிசுக்கும் அழைப்பாகிவிட்டது. உங்கள் மகன் அந்த மெட்டை இரண்டு சுரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறான். கச்சேரி கேட்கும் பெரியவர்கள் பலருக்கு அந்தக் காது கிடையாது.

சார்லி பிரவுன் கார்ட்டூனில் ஷ்ரோடர் என்ற சிறுவன் பொம்மைப் பியானோவில் எந்நேரமும் பீத்தோவன் வாசிப்பான். 1965இல் வந்த அவர்களுடைய நத்தார்ப் படத்தில் ஃபியூர் எலிஸும் வரும். அதைப் போட்ட நாளில் வகுப்பே கத்தியது. யாருடைய அம்மா காசு தந்து அனுப்பினார் என்று ஒரு விசாரணையும் நடந்தது. அடங்கிய பிறகு அந்தப் படைப்பைப் பியானோவில் முழுமையாக வாசித்துக் காட்டினேன். பாண் வண்டியில் வருவது தொடக்கம் மட்டும்தான். ஓடும், நிற்கும், மறுபடி ஆரம்பத்துக்கே போகும். அதற்குப் பிறகு மெட்டு மாறி இனிமையாக ஓரிடத்துக்குப் போவதையும், இன்னும் பின்னால் இடது கை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க இருள் கூடுவதையும் அவர்கள் கேட்டதே இல்லை. ஒரு சிறுமி எழுந்து வந்து, "பாண் முடிந்துவிட்டது, பாட்டு ஏன் முடியவில்லை?" என்று கேட்டாள். இத்தனை காலம் இசை சொல்லிக்கொடுத்து இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் தட்டுகிறார்கள், என் மகள் மட்டும் கல் மாதிரி இருக்கிறாள். ஏதாவது குறையா?

இல்லை. சில பிள்ளைகள் கையால் கேட்பார்கள், சில பிள்ளைகள் கண்ணால். அசையாமல் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது அதே மெட்டை முணுமுணுப்பதாகப் பல அம்மாமார் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுப்பாருங்கள். உள்ளே போய், "ஆ, பாடுகிறாயா!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தொடர்ந்து சத்தத்துக்கே திரும்பாமல் இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பார்க்காமல் இருந்தால், அது இசை பற்றிய விஷயம் அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேள்திறனைச் சோதிப்பது நல்லது.

படத்தில் கேள்வி கேட்டுவிட்டு அப்படியே முழித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பிள்ளைக்குச் சலிக்காதா?

அந்த இடைவெளி உங்களுக்காக விடப்பட்டதல்ல. பிள்ளை யோசித்து, வாயைத் திறந்து, பதில் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். 1996இல் தொடங்கிய புளூஸ் குளூஸ் என்ற அமெரிக்கத் தொடர் இந்த முறையைப் பிரபலமாக்கியது. டோராவும் அதையே செய்தாள். சுட்டி டிவி புண்ணியத்தில் தமிழ் பேசிய டோராவின் கேள்விகளுக்கு நம் வீட்டுக் கூடங்களிலிருந்து எவ்வளவு உரத்த பதில்கள் போயின என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்.

உங்கள் எரிச்சலுக்கு மருந்து: அந்த நேரத்தில் தேத்தண்ணீர் போடப் போங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் பிள்ளை அடுத்த முறை உங்களைத்தான் பார்க்கும், திரையை அல்ல.

ஒரே அத்தியாயத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். வேறு போட்டால் அழுகிறான்.

மேலே சொன்ன புளூஸ் குளூஸ் தொடரை, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அத்தியாயமாகவே ஒளிபரப்பினார்கள். திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் கூடுதலாகப் பதில் சொல்வதை ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். முதல் முறை கதை, அடுத்த முறை வேடிக்கை, அதற்கும் பிறகுதான் காது இசைக்குப் போகிறது. விடுங்கள். அவனே ஒரு நாள் விட்டுவிடுவான்.

மகள் ஒரு கட்டத்தில் பயந்து அழுதுவிட்டாள். சிறுவர் படத்தில் இப்படி வரலாமா?

லிட்டில் ஐன்ஸ்டைன்ஸில் அழுகை குறைவு. ஃபன்டேஷியாவில்தான் அழுவார்கள். 1940 நவம்பரில் நியூயோர்க்கில் திரையிடப்பட்ட அந்தப் படம் எட்டு இசைப் படைப்புகளுக்குப் படம் வரைந்தது. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்தினார், பெரும்பகுதியை வாசித்தது பிலடெல்பியா இசைக்குழு. அதில் டைனோசர்கள் தாகத்தில் மடியும் பகுதியும், முசோர்க்ஸ்கியின் இசைக்கு மலை உச்சியில் கரிய பூதம் இறக்கை விரிக்கும் பகுதியும் உண்டு. பெரியவர்களுக்கே முதுகு சில்லிடும்.

வகுப்பில் நான் மிக்கி மவுஸ் மந்திரவாதியின் சீடனாக வரும் பகுதியை மட்டும் போடுகிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் டூக்கா 1897இல் எழுதிய படைப்பு. விளக்குமாறுகள் நிறுத்தமில்லாமல் தண்ணீர் அள்ளிக் கொட்டும்போது ஒரு சிறுவன் எழுந்து போய் அறையின் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

இன்னொரு அழுகை இருக்கிறது. பயம் இல்லை, காட்சியில் சோகம் இல்லை, மெதுவான வயலின் மட்டும் வரும். பிள்ளையின் கண் நிரம்பும். "ஏன் அழுகிறாய்?" என்றால் தெரியாது என்று சொல்லும். அது நோய் அல்ல. மடியில் எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அப்படியென்றால் டொம் அன்ட் ஜெரி பார்ப்பதும் இசை கேட்பதாகக் கணக்கா? அடிதடிதானே அது?

அடிதடிதான். ஆனால் 1947இல் ஒஸ்கார் வாங்கிய ஒரு படத்தில் டொம் வால் கோட்டுப் போட்டுக்கொண்டு லிஸ்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சோடியை மேடையில் வாசிக்கும், பியானோவுக்குள் தூங்கும் ஜெரி விழித்துக்கொள்ளும். பியானோவின் சுத்தியல்கள் எழுவதும் விழுவதும் சுரத்தோடு சேர்ந்தே வரையப்பட்டிருக்கின்றன. சீனப் பியானோக் கலைஞர் லாங் லாங், இரண்டு வயதில் இதைப் பார்த்துத்தான் பியானோ மீது ஆசை வந்தது என்று பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டு உடனே யாரும் தங்கள் மகனை லாங் லாங் ஆக்கப் புறப்பட வேண்டாம். அதே படத்தைப் பார்த்துவிட்டு எலி வளர்க்க ஆசைப்பட்டவர்களின் எண்ணிக்கையை யாரும் எடுக்கவில்லை.

பக்ஸ் பனியும் அப்படித்தான். 1950இல் ரோசினியின் செவில் நகர நாவிதன் ஓப்பெரா முன்னிசைக்கு வேட்டைக்காரனின் மொட்டைத் தலையில் தாளம் போட்டது. 1957இல் வாக்னரின் ஓப்பெராக்களை ஏழு நிமிடத்துக்குள் சுருக்கிக் கேலி செய்தது. அந்த இரண்டாவது படத்தை 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ் இசையை மரியாதையோடு அறிமுகம் செய்கிறது, பக்ஸ் பனி அதன் மீசையைப் பிடித்து இழுக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

எல்லாம் ஆங்கிலம். தமிழில் இல்லாததைப் போட்டு என்ன பயன்?

இன்றைய அப்பாமார் பலர் ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் மாற்றித் தந்த பக்ஸ் பனியையும் டொக்டர் டூலிட்டிலையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள். அப்போது அவர்களில் எத்தனை பேருக்குச் சிங்களம் சரியாகத் தெரியும்? இசையோடு ஓடும் படத்துக்குப் பேச்சு துணைதான். நான் இடையிடையே தமிழில் ஒரு வரி சொல்வேன்: "இப்போது மெதுவாக," "இப்போது மூச்சை அடக்கு." அதற்கு மேல் தேவைப்படவில்லை.

பிள்ளை சங்கீத வகுப்புக்கும் போகிறாள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எடுக்கப்போகிறாள். இதைக் கேட்டால் சுருதி கெட்டுப்போகும் என்று அம்மம்மா சொல்கிறார்.

அம்மம்மாவிடம் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றிக் கேளுங்கள். அவர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் ஆரம்ப மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். அவற்றில் "சந்ததம் பாஹிமாம்" பிரித்தானியத் தேசிய கீதத்தின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அம்மம்மா ரசிக்கும் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியம் அது.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியில் வரும் புகழ்பெற்ற மெட்டைச் சங்கராபரணச் சுரங்களில் பாடிப்பாருங்கள்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. கமகம் போடாமல், சுரத்தில் நேராக நிற்க வேண்டும். எட்டு வயது மாணவி ஒருத்தி ஃபியூர் எலிஸுக்கும் சுரம் கண்டுபிடித்தாள்: ப ம ப ம ப ரி ம க ஸ. பிறகு முகம் சுளித்தாள். "டீச்சர், முதலில் வருகிறது பிரதி மத்திமம், கடைசியில் வருகிறது சுத்த மத்திமம். இது என்ன ராகம்?" ம என்ற சுரத்தின் உயர்ந்த வடிவமும் தாழ்ந்த வடிவமும்தான் அவை. ராகம் இல்லை என்று சொன்னதும் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். பாண்காரன் இரண்டு மத்திமத்தையும் கலந்து விற்கிறான் என்று தங்கைக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

இதைக் கவனித்த காதுக்குச் சுருதி கெடாது. உங்கள் அம்மம்மாவின் கவலையில் ஒரு நியாயம் மட்டும் உண்டு: கார்ட்டூன் பார்க்கும் நேரம் சாதகம் செய்யும் நேரத்தைத் தின்னக்கூடாது. முதலில் சரளிவரிசை, பிறகு ரொக்கெட்.

நான் சின்ன வயதிலிருந்து சிம்பனி கேட்பவன். இந்தக் கார்ட்டூன்கள் இசையை வெட்டி ஒட்டி, துண்டு துண்டாகப் போடுகின்றன. இது குற்றம் இல்லையா?

கொட்டாஞ்சேனையிலிருந்து மகனைக் கொண்டுவந்து விடும் ஓர் அப்பா கேட்டது. அவர் சொல்வது உண்மை. லிட்டில் ஐன்ஸ்டைன்ஸில் ஒரு படைப்பின் சில வரிகளே அத்தியாயம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும், வேகம் மாறும், வாத்தியம் மாறும், அதன் மேல் புதுச் சொற்கள் ஏறும். சிம்பனியின் நீண்ட நடை அங்கே கிடைக்காது.

இந்தச் சண்டை பழையது. ஃபன்டேஷியா வந்தபோது இசை விமர்சகர்கள் பலர் பொங்கினார்கள். பீத்தோவன் நாட்டுப்புறத்தை நினைத்து எழுதிய ஆறாம் சிம்பனிக்குக் குதிரை உடல் மனிதர்களை ஆடவிட்டது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதில் இடம்பெற்ற இசையமைப்பாளர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி ஒருவரே. தன் படைப்பை வெட்டி வரிசை மாற்றியதை அவர் பின்னாளில் கடுமையாகச் சாடினார். படமும் முதல் வெளியீட்டில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அந்த அப்பாவிடம் நான் சொன்னது: வெட்டுக்கு நானும் கோபப்படுகிறேன், ஆனால் உங்கள் மகன் ஆறாம் சிம்பனியை இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. பாண் வண்டி அதைவிட மோசமாகத்தான் வெட்டுகிறது. அதிலிருந்து ஒரு பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். வெட்டாத வடிவத்தை வீட்டில் போட வேண்டியவர் நீங்கள்தான்.

படத்தை நிறுத்திவிட்டு இசையை மட்டும் போட்டால் ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டேன் என்கிறானே?

இருக்க வைக்காதீர்கள். கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பது பெரியவர்களின் பழக்கம். அவன் விளையாடும்போது, நீங்கள் கறிக்கு வெங்காயம் வெட்டும்போது, அதே இசை பின்னால் ஓடட்டும். தெரிந்த இடம் வந்ததும் தலை திரும்பும்.

இன்னொரு வழி, படத்தின் ஒலியை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் போடுவது. ஓடி விழும் டொம் திடீரென்று ஒன்றுமில்லாதவனாகிவிடும். வகுப்பில் இதைச் செய்தபோது, "சத்தம் போடுங்கள், அவனுக்கு வலிக்கவில்லை" என்று ஒரு பிள்ளை முறைப்பாடு செய்தது. இசை என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. ஒலியைப் போட்டுத் திரையை மூடும் விளையாட்டைப் பிறகு தொடங்கலாம்: இப்போது டொம் ஓடுகிறதா, ஒளிந்திருக்கிறதா, விழுந்துவிட்டதா? பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள்.

நேரில் கேட்கக் கூட்டிப்போகலாமா? சத்தம் போட்டால் முறைப்பார்களே.

கூட்டிப்போங்கள். இலங்கை சிம்பனி இசைக்குழு 1958இலிருந்து கொழும்பில் இயங்கிவருகிறது. லயனல் வென்ட் அரங்கிலும் அவ்வப்போது நல்ல நிகழ்ச்சிகள் உண்டு. அரங்குக்குப் பெயர் தந்த லயனல் வென்ட் புகைப்படக் கலைஞர் என்றுதான் பலருக்குத் தெரியும், அவர் பியானோக் கலைஞரும்கூட. முதல் பாதி முடிந்ததும் கிளம்பிவிடும் எண்ணத்தோடு, கதவுக்குப் பக்கத்து இருக்கையாக டிக்கெட் எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கார்ட்டூனுக்குப் பழகிய பிள்ளை, இசையை நடத்துபவர் கோலைத் தூக்கியதும் மடியில் தட்டத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும். ஆனால் வேகம் சரியாக இருக்கிறதா என்று நீங்கள் கவனியுங்கள்.

ஒரு பியானோ வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறோம்.

பொறுங்கள். தட்டுவதற்கு மடி இருக்கிறது. ஆசை ஆறு மாதம் தாங்கினால் முதலில் ஒரு கீபோர்ட், அதுவும் இரண்டாம் கையில் போதும். கடல் காற்றில் நல்ல பியானோவைச் சுருதியில் வைத்திருப்பது தனிச் செலவு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் துணி போட்டு மூடி, மேலே குடும்பப் படங்கள் அடுக்கிய பியானோக்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

இவ்வளவும் சொல்கிறீர்கள். என் மகனுக்கு இந்தக் கார்ட்டூன் பிடிக்கவே இல்லை. ரொக்கெட் வந்தாலே எழுந்து போய்விடுகிறான். என்ன செய்வது?

முதலில் எதற்கு எழுந்து போகிறான் என்று பாருங்கள். சத்தம் கூடும் இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு போனால் ஒலியைக் குறையுங்கள். கேள்வி கேட்கும் இடத்தில் போனால், அவனுக்குப் பரீட்சை வைப்பது போலத் தோன்றியிருக்கலாம். அப்படியானவர்களுக்கு டொம் அன்ட் ஜெரி நல்லது, அது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எல்லா இடத்திலும் போனால் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். விட்டுவிடுங்கள்.

என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். கார்ட்டூன் தொடங்கியதும் யன்னலுக்குப் போய்க் கடற்கரை ரயிலைப் பார்ப்பான். ரயில் நெருங்கும்போது யன்னல் கம்பியில் மெதுவாகத் தட்டத் தொடங்கி, கடந்து போகும்போது இரண்டு கையாலும் அடித்து, தூரம் போகப் போகக் குறைத்துக்கொண்டு வருவான். அவனை நான் கூப்பிடுவதில்லை. கார்ட்டூன் பார்க்காதவனுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்று அவனுடைய அப்பா கேட்டார். கார்ட்டூனுக்கு நான் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, ரயிலுக்கும் வாங்குவதில்லை.